கைவிடப்பட்ட நிகழ்வுச் சந்தாக்கள்: மேலாண்மை மென்பொருளில் வளக் கசிவும் திருத்தங்களும்

அமைப்பு மேலாண்மை மென்பொருளில் நிகழ்வுச் சந்தா என்பது ஓர் எளிய ஒப்பந்தம். ஒரு கண்காணிப்பு மென்பொருள் தொலைவிலுள்ள கணினியிடம், "உன் வட்டு பழுதானாலோ, விசிறி நின்றாலோ, வெப்பம் ஏறினாலோ இந்த முகவரிக்குத் தகவல் அனுப்பு" என்று கேட்டுக்கொள்கிறது. அந்தக் கணினி முகவரியையும் நிபந்தனையையும் ஓர் அட்டவணையில் பதிந்து வைக்கிறது. கேட்டவர் ஒழுங்காக விடைபெற்றுச் சென்றால் சிக்கல் இல்லை. அவர் இடையில் முறிந்து விழுந்தாலோ, வேறு முகவரிக்கு மாறினாலோ, அந்தக் கண்காணிப்புப் பெட்டியையே யாரோ அணைத்து மூலையில் போட்டுவிட்டாலோ, சந்தா மட்டும் அட்டவணையில் தங்கிவிடும். கேட்க ஆளில்லாத முகவரிக்காக நினைவகமும் இணைப்புகளும் செயலியின் நேரமும் தொடர்ந்து செலவாகும். இதுவே கைவிடப்பட்ட சந்தா. இங்கே சந்தாவை வைத்திருக்கும் கணினி 'வழங்கி' என்றும், சந்தா கேட்கும் மென்பொருள் 'நிலையம்' என்றும் குறிக்கப்படுகின்றன.

இதை நிரலாளரின் மறதியாகப் பார்ப்பது வழக்கம். சந்தாவை நீக்கும் அழைப்பை எழுத மறந்துவிட்டார், எழுதிச் சேர்த்தால் சரியாகிவிடும் என்பார்கள். இந்த விளக்கம் பாதிகூடப் பொருந்தாது. மின்சாரம் போன கணினியால் எந்த அழைப்பையும் விடுக்க முடியாது. நீக்கும் பொறுப்பை, சொல்லாமல் மறையக்கூடிய தரப்பிடமே ஒப்படைத்த வடிவமைப்பில்தான் குறை இருக்கிறது. மேலாண்மைத் தரப்பாடுகள் பலவற்றை இந்த ஒரு கேள்வியைக் கொண்டே மதிப்பிடலாம்: சந்தாதாரர் சொல்லாமல் போனால், அதைக் கண்டறிந்து துடைப்பது யார் வேலை? கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் திருப்தியாக இல்லை.

எது கசிகிறது

நினைவகம் கசிவதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அது பெரும்பாலும் சிறிய தொகை. ஒரு சந்தாவுக்குச் சில கிலோபைட் போதும். வலிப்பது அதைச் சுற்றியுள்ள மற்றவை: அனுப்பக் காத்திருக்கும் நிகழ்வுகளின் வரிசை, மறுமுயற்சிக்கான கடிகாரம், திறந்தபடி நிற்கும் இணைப்பு, பதில் வராத இணைப்பில் மாட்டிக்கொண்ட இழை. லினக்ஸில் ஒரு செயல்முறை திறக்கக்கூடிய கோப்பு விவரிகளின் வழக்கமான மென்வரம்பு 1024. ஒவ்வொரு இணைப்பும் அதில் ஒன்றைப் பிடித்துக்கொள்வதால், கைவிடப்பட்ட இணைப்புகள் குவிந்தால் நினைவகம் தீர்வதற்கு வெகு முன்பே வழங்கி புதிய இணைப்பை ஏற்க மறுக்கும்.

விண்டோஸின் டபிள்யூஎம்ஐ அமைப்பில் இன்னொரு வகைச் செலவு உண்டு. நிகழ்வைத் தானாக அறிவிக்க வழியில்லாத பொருளுக்குச் சந்தா கேட்டால், டபிள்யூஎம்ஐ குறிப்பிட்ட இடைவெளியில் அந்தப் பொருளை மீண்டும் மீண்டும் எட்டிப் பார்த்து, மாறியிருக்கிறதா என ஒப்பிடும். இடைவெளி 5 விநாடி என்றால் ஒரு நாளில் 17,280 முறை. கேட்டவர் போய்விட்டாலும் சந்தா இருக்கும் வரை பார்வை நிற்காது. பயனர் "கணினி ஏனோ மெதுவாக இருக்கிறது" என்பார். நினைவக அளவீட்டில் எதுவும் தெரியாது.

குப்பை சேகரிப்பு உள்ள மொழிகளில் எழுதினால் தப்பிக்கலாம் என்ற எண்ணமும் தவறு. குப்பை சேகரிப்பான் யாரும் சுட்டாத பொருளை மட்டுமே அகற்றும். சந்தாவையோ அட்டவணை சுட்டிக்கொண்டிருக்கிறது. சேகரிப்பானின் பார்வையில் அது உயிருள்ள பொருள். 1994-இல் காமா, ஹெல்ம், ஜான்சன், விளிசைட்ஸ் ஆகிய நால்வரும் எழுதிய வடிவமைப்பு வார்ப்புகள் நூல், பார்வையாளர் வார்ப்பை ஒரு தலைமுறை நிரலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கவனிக்கப்படும் பொருள் அழிந்தால் பார்வையாளர்களிடம் தொங்கும் சுட்டு மிஞ்சக் கூடாது என்று அது எச்சரிக்கிறது. பார்வையாளர் மறைந்து, கவனிக்கப்படும் பொருள் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மறுபக்கத்துக்கு அதில் அப்படித் தனித் தலைப்பு இல்லை. பின்னர் ஜாவா 1.2 பலவீனச் சுட்டுகளைக் கொண்டுவந்தது. டாட்நெட்டின் டபிள்யூபிஎஃப் பலவீன நிகழ்வு மேலாளரைச் சேர்த்தது. இவை ஒரே செயல்முறைக்குள் நன்றாக வேலை செய்யும். சுட்டுவது நினைவக முகவரியை அல்லாமல் வலையமைப்பு முகவரியை என்றாகும்போது பலவீனச் சுட்டுக்குப் பொருளே இல்லை. மேலாண்மை மென்பொருளின் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தொலைபேசி எண் எழுதிய அட்டவணை

இந்தச் சிக்கலை நேர்மையாக ஒப்புக்கொண்ட தொடக்ககாலத் தரப்பாடு, தொலைக் கண்காணிப்புக்கான ஆர்மான். 1991-இல் முதலில் வந்த இது, 2000-இல் ஆர்எஃப்சி 2819 ஆகத் திருத்தம் பெற்றது. வலையமைப்பில் வைக்கப்பட்ட ஒரு கருவியிடம் பல நிலையங்கள் வந்து, எச்சரிக்கை எல்லைகளையும் பதிவுகளையும் அமைத்துக்கொள்ளலாம். நிலையம் ஒன்று பிடித்து வைத்த வளத்தை விடுவிக்காமலேயே முறிந்துபோகலாம் என்பதை ஆர்எஃப்சி வெளிப்படையாகவே பேசுகிறது.

அதற்கு ஆர்மான் தந்த தீர்வு, ஒவ்வொரு பதிவிலும் உரிமையாளர் பெயருக்கென ஒரு புலம். அந்தப் புலத்தில் ஐபி முகவரி, நிலையத்தின் பெயர், வலையமைப்பு மேலாளரின் பெயர், இடம், தொலைபேசி எண் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருக்கலாம் என்று பரிந்துரைக்கப்படுகிறது. தொலைபேசி எண் என்பதைப் படித்தால் இன்று சிரிப்பு வரும். ஆனால் அதில் நல்ல நியாயம் இருக்கிறது. ஒரு பதிவு கைவிடப்பட்டதா, இல்லை மெதுவாக வேலை செய்யும் ஒருவர் இன்னும் பயன்படுத்துகிறாரா என்பதை இயந்திரம் உறுதியாகச் சொல்ல முடியாது. மனிதரை அழைத்துக் கேட்டால் தெரியும். பின்னால் வந்த பல தரப்பாடுகள் இந்தப் புலத்தைக் கைவிட்டன அல்லது எவரும் நிரப்பாத வெற்றுப் புலமாக விட்டன. இன்று ஒரு வழங்கியில் நாற்பது சந்தாக்களைப் பார்க்கும் நிர்வாகியிடம் இருப்பது நாற்பது ஐபி முகவரிகள். அவற்றில் எது யாருடையது என்று விசாரிக்கவே அவருக்கு ஒரு வாரம் ஆகலாம்.

ஆர்மானின் குறை வேறிடத்தில் உள்ளது. பாதி உருவாக்கிய நிலையில் வெகுநேரம் கிடக்கும் பதிவை, நிலையம் முறிந்துவிட்டது என்று முடிவுசெய்து வழங்கியே அகற்றலாம். ஆனால் மனிதர் ஒருவர் விசைப்பலகை முன் யோசித்துக்கொண்டிருக்கவும் கூடும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல விதி. முழுமையாக உருவான பதிவுக்கு மட்டும் அத்தகைய தானியங்கி விதி இல்லை. அங்கே நிர்வாகியின் கைதான் துடைப்பம்.

குத்தகை

நிர்வாகியை நம்பாத வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. 1989-இல் கேரி கிரேயும் டேவிட் செரிட்டனும் பரவல் கோப்பு முறைமைகளின் இடைமாற்றுச் சிக்கலுக்காகக் குத்தகை என்ற முறையை முன்வைத்தார்கள். உரிமை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் கொடுக்கப்படும். வேண்டுமென்றால் காலம் முடியும் முன் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் உரிமை தானே மறையும். ஒருவர் இறந்தாரா என்று யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அவர் புதுப்பிக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

கோப்புகளுக்காக எழுந்த இந்தக் கருத்து சந்தாக்களுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தியது. 1999-இல் சன் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஜினியில், நிகழ்வுக்குப் பதிவு செய்தால் கையில் கிடைப்பதே ஒரு குத்தகைதான். ஜாவாவின் தொலை அழைப்பு முறையில் குத்தகையின் இயல்பு அளவு 10 நிமிடம். மைக்ரோசாஃப்டின் டிகாம் இதே வேலையை வேறு பெயரில் செய்தது: வாங்கி 2 நிமிடத்துக்கு ஒருமுறை உயிர்க்குறி அனுப்ப வேண்டும், மூன்று முறை தவறினால் அது இறந்ததாகக் கொள்ளப்படும். வீட்டுக் கருவிகளுக்கான யூபிஎன்பியில் சந்தாவுக்குக் காலவரம்பு உண்டு. அது குறைந்தது 1800 விநாடி இருக்க வேண்டும் என்பது பரிந்துரை.

ஆக, தொலைக்காட்சிப் பெட்டியும் வீட்டு மோடமும் பேசிக்கொள்ளும் தரப்பாட்டில்கூடச் சந்தாவுக்கு ஆயுள் இருந்தது. தரவு மையங்களை ஆளும் தரப்பாடுகள் இதைத் தயங்கித் தயங்கியே ஏற்றன.

விருப்பத் தேர்வான காலாவதி

2004-இல் வெளிவந்து 2011-இல் டபிள்யூ3சி பரிந்துரையான டபிள்யூஎஸ்-ஈவென்டிங், வடிவமைப்பில் குறைசொல்ல முடியாதது போலத் தோன்றும். சந்தா கேட்கும்போது காலாவதி நேரம் தரலாம், புதுப்பிக்கலாம், நிலையைக் கேட்கலாம், நீக்கலாம். வழங்கி தானாக முடித்துக்கொண்டால் "உன் சந்தா முடிந்தது" என்ற செய்தியை அனுப்பவும் இடமுண்டு. குறை ஒரு சிறிய விதியில் ஒளிந்திருக்கிறது. காலாவதிப் புலத்தையே விட்டுவிட்டால், முடிவே இல்லாத சந்தா கேட்கப்படுவதாகப் பொருள். வழங்கி அதற்குச் சம்மதிக்காமல் குறுகிய காலம் கொடுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு வழங்கியை எழுதியவர் சிந்தித்திருக்க வேண்டும். சம்மதிப்பதற்குச் சிந்திக்கவே வேண்டியதில்லை. சோம்பலான நிலையமும் சோம்பலான வழங்கியும் சந்தித்தால் சாகாவரம் பெற்ற சந்தா பிறக்கிறது. இயல்பு மதிப்பைத் தேர்வதில்தான் ஒரு தரப்பாட்டின் குணம் தெரியும். இங்கே அது வசதியின் பக்கம் சாய்ந்தது.

டிஎம்டிஎஃப் அமைப்பின் சிஐஎம் தகவல் மாதிரியிலும் இதே கதை. சந்தாவுக்கு ஆயுள் குறிக்கும் பண்பு உண்டு, கட்டாயம் இல்லை. அனுப்புதல் முற்றிலும் தோற்றால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பண்பு உண்டு: பொருட்படுத்தாதே, முடக்கு, நீக்கு. பின்னர் வந்த அறிவிப்புச் சுயவிவரம் இதை ஒழுங்குபடுத்தி, எத்தனை மறுமுயற்சி, எவ்வளவு இடைவெளி, எவ்வளவு காலம் தொடர்ந்து தோற்றால் நீக்குவது என்று வகுத்தது. இதைச் செயல்படுத்தும் எஸ்எஃப்சிபி என்ற திறமூல வழங்கியின் அமைப்புக் கோப்பில் அந்தக் கடைசி மதிப்பு 2592000 விநாடி, அதாவது 30 நாள்.

முப்பது நாள் என்பது யாருடைய பக்கம் நின்று பார்த்தால் நியாயம்? நிலையம் பராமரிப்புக்காக ஒரு வாரம் நிறுத்தப்பட்டால் அதன் சந்தாக்கள் அழியக் கூடாது என்று நினைப்பவருக்கு அது சரியான அளவு. வழங்கியின் பக்கம் நின்றால் கணக்கு வேறு. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் புதிய துறை எண்ணைப் பிடித்து, புதிய சந்தா கேட்கும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது நாளுக்கு ஒருமுறை மறுதொடக்கம் ஆனால், மாத இறுதியில் 30 இறந்த சந்தாக்கள் அட்டவணையில் இருக்கும். முதல் முயற்சியோடு மூன்று மறுமுயற்சி எனக் கொண்டால், ஒரே ஒரு விசிறி எச்சரிக்கைக்காக வழங்கி 120 முறை வீணாகக் கதவைத் தட்டும். உயிருள்ள ஒரே நிலையத்துக்கான செய்தி அந்த வரிசையில் எங்கோ காத்திருக்கும்.

தோல்வியை எண்ணினால் போதுமா

மேலே சொன்ன சுயவிவரம் முதல் இன்றைய ரெட்ஃபிஷ் வரை, பல திருத்தங்கள் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: இறந்த சந்தாதாரருக்கு அனுப்பினால் தோல்வி வரும், தோல்விகளை எண்ணினால் இறப்பு தெரியும். இரண்டு இடங்களில் இது உடைகிறது.

முதலாவது, இழுப்பு முறை. 2008-இல் டிஎம்டிஎஃப் வெளியிட்ட டபிள்யூஎஸ்-மேனேஜ்மென்ட் தரப்பாட்டில், வழங்கி அனுப்புவதற்குப் பதிலாக நிலையமே வந்து நிகழ்வுகளை வாங்கிப்போகும் முறையும் உண்டு. தீச்சுவருக்குப் பின்னால் இருக்கும் நிலையங்களுக்கு இது வசதி. நிலையம் வராமல் போனால் எந்த அனுப்புதலும் தோற்காது, ஏனென்றால் எதுவும் அனுப்பப்படவே இல்லை. வரிசை மட்டும் நீண்டுகொண்டே போகும். கசிவுகளில் இதுவே மோசமானது. சந்தாக்களின் எண்ணிக்கை கூடாமலேயே, ஒரே சந்தாவின் வரிசை நினைவகத்தைத் தின்றுவிடும். இங்கே கடைசியாக எப்போது வந்தார் என்ற நேரமும் வரிசைக்கு ஓர் உச்ச நீளமும் இல்லாமல் எந்தத் திருத்தமும் முழுமையாகாது.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது. நிலையம் முறிந்து, அதே முகவரியில் அதே துறையில் மீண்டும் எழுகிறது. பழைய சந்தாவைத் தேடாமல் புதிதாக ஒன்று கேட்கிறது. வழங்கி பழைய சந்தாவுக்கும் அனுப்புகிறது, புதியதற்கும் அனுப்புகிறது. இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன, இரண்டுமே திறக்கின்றன. தோல்வி எண்ணிக்கை சுழியம். பத்து முறை மறுதொடக்கம் ஆனபின் ஒரே வட்டுப் பழுதுக்குப் பத்து எச்சரிக்கை வரும். பணியில் இருப்பவர் முதலில் எரிச்சலடைவார், பிறகு எச்சரிக்கைகளை ஒதுக்கத் தொடங்குவார். இதற்கு வழங்கிப் பக்கத்தில் மட்டும் மருந்து இல்லை. நிலையம் தனக்கென மாறாத அடையாளம் ஒன்றை வைத்திருந்து, எழுந்தவுடன் வழங்கியிடம் "என் பெயரில் என்ன இருக்கிறது" என்று கேட்டு, இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தை நீக்க வேண்டும். ஆர்மானின் உரிமையாளர் புலம் இதற்கும் உதவியிருக்கும்.

சிறிய சில்லில் இருபது இடம்

2015-இல் வெளிவந்த ரெட்ஃபிஷ், வழங்கிகளின் வன்பொருளை மேலாள்வதற்கான இன்றைய தரப்பாடு. அது பெரும்பாலும் இயங்குவது பிஎம்சி எனப்படும் தனிச் சில்லில். முதன்மைக் கணினி அணைந்திருந்தாலும் விழித்திருக்கும் காவலாளி அது. அதன் நினைவகமும் வேகமும் சொற்பம். ரெட்ஃபிஷின் முதல் பதிப்பில் சந்தாவில் முகவரி, நிகழ்வு வகை, சூழல் குறிப்பு ஆகியவை இருந்தன, காலாவதி இல்லை. பிந்தைய பதிப்புகள் மறுமுயற்சிக் கொள்கையைச் சேர்த்தன: சில முயற்சிகளுக்குப் பின் முடித்துவிடு, இடைநிறுத்து, என்றென்றும் முயன்றுகொண்டே இரு. கடைசித் தேர்வு ஏன் தேவைப்பட்டது என்பது புரிகிறது. தங்கள் எச்சரிக்கை ஒருபோதும் கைவிடப்படக் கூடாது என்று விரும்பும் வாடிக்கையாளர்கள் உண்டு. ஆனால் அது கசிவை அம்சமாகவே அங்கீகரிப்பது.

திறமூல ஓப்பன்பிஎம்சி திட்டத்தின் வலைச் சேவையான பிஎம்சிவெப், சந்தாக்களுக்கு 20 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கேட்கப்பட்ட சந்தாக்களை அது கோப்பில் சேமிப்பதால் மறுதொடக்கத்துக்குப் பின்னும் அவை நிலைக்கும். உச்சவரம்பு சில்லைக் காப்பாற்றும் என்பதில் ஐயமில்லை. நினைவகம் தீர்ந்து விழுவதைவிட இது மேல். எனினும் வரம்பைத் திருத்தமாக எண்ணுவது ஏமாற்று. கசிவு நிற்கவில்லை, அதன் பாதிப்பு இடம் மாறியிருக்கிறது. சோதனைக்காக இயக்கி மறந்த நிரல்கள் இருபது இடத்தையும் பிடித்துக்கொண்டால், 21-ஆவதாக வரும் உண்மையான கண்காணிப்பு நிலையம் கதவிலேயே திருப்பி அனுப்பப்படும். முன்பு வழங்கி விழுந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. இப்போது வழங்கி நலமாக இருக்கிறது, அதன் மின்வழங்கி கருகினால் சொல்லக் கேட்க ஆளில்லை.

ரெட்ஃபிஷில் இன்னொரு வழி நன்றாக இருக்கிறது. நிலையம் ஒரு நீடித்த இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் வழியே நிகழ்வுகளைப் பெறலாம்; இணைப்பு மூடினால் சந்தாவை வழங்கி நீக்க வேண்டும் என்பது விதி. சந்தாவின் உயிரை இணைப்பின் உயிரோடு கட்டிப்போடுவது எளிமையானது, பெரும்பாலும் போதுமானது. ஆனால் கம்பி பிடுங்கப்பட்ட இணைப்பு தன்னை மூடியதாக அறிவிக்காது. அனுப்ப எதுவும் இல்லாத அமைதியான இணைப்பில் மறுமுனை இறந்ததை அறிய டிசிபியின் உயிர்ச்சோதனையை இயக்கியிருக்க வேண்டும். லினக்ஸில் அதன் இயல்புக் காத்திருப்பு 7200 விநாடி. அதன்பின் 75 விநாடிக்கு ஒன்றாக 9 சோதனைகள். கூட்டினால் இரண்டு மணி நேரத்துக்கு மேல். அதுவும் நிரலாளர் அந்த இணைப்புக்கு உயிர்ச்சோதனையைக் கேட்டு இயக்கியிருந்தால்தான்.

மறுமுனையில் சேரும் குப்பை

கசிவு சந்தாவை வைத்திருப்பவரிடம் மட்டும் நிகழ்வதில்லை. விண்டோஸ் நிகழ்வு முன்னனுப்பல் வசதியில், நிறுவனத்தின் கணினிகள் எல்லாம் தம் பதிவுகளை ஒரு சேகரிப்பு வழங்கிக்கு அனுப்பும். ஒவ்வொரு கணினியும் முதன்முறை இணையும்போது, அதன் உயிர்க்குறி நேரத்தையும் எதுவரை படித்தாயிற்று என்ற அடையாளத்தையும் வைக்க, சேகரிப்பு வழங்கியின் பதிவேட்டில் ஒரு சாவி உருவாகிறது. அந்தக் கணினி பின்னர் உடைத்துப் போடப்பட்டாலும் சாவி இருக்கும்.

மைக்ரோசாஃப்டின் ஆவணமே இதன் எல்லைகளைச் சொல்கிறது. ஒரு சந்தாவின் வாழ்நாளில் இணைந்த கணினிகள் 1000-ஐத் தாண்டினால், நிகழ்வுப் பார்வைச் செயலி சில நிமிடம் உறைந்து நிற்கலாம். 50,000-ஐத் தாண்டினால் அந்தச் செயலியே பயன்படாது, கட்டளை வரிக் கருவிதான் கதி. 1,00,000-ஐத் தாண்டினால் பதிவேட்டைப் படிக்கவே முடியாது. வழங்கியைப் புதிதாக நிறுவ வேண்டியிருக்கும். நிறுவனத்தில் ஒரே நேரத்தில் அவ்வளவு கணினிகள் இருக்க வேண்டும் என்பதில்லை. நாள்தோறும் புதுப் பெயரில் பிறந்து மாலையில் அழியும் மெய்நிகர் மேசைக்கணினிகள் சில நூறு இருந்தால் போதும், ஓராண்டில் எண்ணிக்கை எட்டிவிடும்.

இந்த ஆவணம் பாராட்டும் கண்டனமும் ஒருங்கே பெற வேண்டியது. எல்லை எங்கே என்று எண்ணோடு சொல்லும் நேர்மை அரிது. ஆனால் உயிர்க்குறி நேரம் அந்தச் சாவியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஓராண்டாகக் குறி அனுப்பாத கணினி எது என்பது வழங்கிக்குத் தெரியும். தெரிந்தும், துடைக்கும் வேலையை நிர்வாகியிடம் விட்டுவிட்டு, துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும் விவரிக்கிறது. அளக்கத் தெரிந்த இடத்தில் துடைக்கும் நிரல் எழுதுவது கடினமான வேலையல்ல.

பாதுகாப்புப் பக்கமும் உண்டு. டபிள்யூஎம்ஐயில் தற்காலிகச் சந்தா கேட்ட நிரலோடு முடியும். நிரந்தரச் சந்தா களஞ்சியத்தில் எழுதப்பட்டு மறுதொடக்கத்தையும் தாண்டி வாழும். நிகழ்வு நடந்தால் ஒரு நிரலை இயக்கவும் அதனால் முடியும். தாக்குவோர் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கணினியில் நிலையாகத் தங்குவதற்கான இந்த உத்தியை மிட்டர் அட்டாக் பட்டியல் டி1546.003 என்ற எண்ணில் வைத்திருக்கிறது. பழைய மேலாண்மை மென்பொருள்கள் விட்டுச்சென்ற அநாதைச் சந்தாக்கள் குவிந்த கணினியில், கள்ளத்தனமாக நடப்பட்ட ஒன்றைப் பிரித்தறிவது கடினம். நிர்வாகி எதையும் நீக்க அஞ்சுவார், ஏனென்றால் எது எதற்கென்று எழுதி வைத்தவர் இல்லை.

தவறாகத் துடைத்தால்

திருத்தம் எழுத உட்காருபவர் முதலில் எடை போட வேண்டியது இதன் எதிர்ப்பக்க ஆபத்து. இறந்த சந்தாவை வைத்திருந்தால் வளம் வீணாகும். உயிருள்ள சந்தாவை இறந்ததென்று நீக்கினால் எச்சரிக்கை தொலையும், தொலைந்தது யாருக்கும் தெரியாது. நிலையத்தின் திரையில் அந்த வழங்கி பச்சையாகவே இருக்கும், ஏனென்றால் கெட்ட செய்தி எதுவும் வரவில்லை. வலையமைப்பு ஒரு மணி நேரம் துண்டிக்கப்பட்டு மீண்ட பிறகு, அந்த ஒரு மணி நேரத்தில் சந்தாக்கள் நீக்கப்பட்டதை அறியாத நிலையம் மாதக்கணக்கில் அமைதியாகக் காத்திருக்கக்கூடும். கசிவை அடைக்கும் அவசரத்தில் எழுதப்பட்ட திருத்தங்கள் பல இந்தப் பள்ளத்தில் விழுகின்றன. தரப்பாட்டுக் குழுக்கள் 30 நாள் போன்ற பெரிய எண்களைத் தேர்ந்ததற்கும் இந்த அச்சமே காரணமாக இருக்கலாம்.

அச்சத்துக்கு மருந்து நீண்ட காலவரம்பு அல்ல. வெற்று மௌனத்தையும் நலமான மௌனத்தையும் பிரித்துக் காட்டும் உயிர்க்குறியே மருந்து. டபிள்யூஎஸ்-மேனேஜ்மென்ட் இதற்கு இடம் தருகிறது: குறித்த இடைவெளியில் நிகழ்வு ஏதும் இல்லாவிட்டால், "ஒன்றும் இல்லை, நான் இருக்கிறேன்" என்று வழங்கி ஒரு வெற்றுச் செய்தி அனுப்பும். அது வராவிட்டால் தன் சந்தா போய்விட்டதென்று நிலையம் ஊகித்து மீண்டும் கேட்கலாம். இந்த ஒன்று இருந்தால் குத்தகையைத் துணிந்து குறுக்கலாம். பத்து நிமிடக் குத்தகை தவறுதலாக முடிந்தாலும் இழப்பு சில நிமிடம்தான். உயிர்க்குறி இல்லாத அமைப்பில் குத்தகையை மட்டும் சேர்ப்பது அரைகுறைத் திருத்தம்.

நிரல் மட்டத்தில் கவனம் வேண்டிய இடங்கள் சில. சந்தா முடிவதற்குப் பல வழிகள் உண்டு: நிலையம் நீக்குவது, காலம் முடிவது, தோல்வி வரம்பைத் தாண்டுவது, வழங்கியே நிற்பது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே துடைக்கும் நிரல் எழுதினால் ஒன்றிலாவது இணைப்பை மூடவோ கடிகாரத்தை நிறுத்தவோ விட்டுப்போகும். எல்லா வழிகளும் ஒரே வாசலில் வந்து சேர வேண்டும். ஒரு இழை அந்தச் சந்தாவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு இழை அதை நீக்கலாம். அட்டவணையைப் பூட்டிக்கொண்டே அனுப்பினால், மெதுவான ஒரு சந்தாதாரர் எல்லோரையும் நிறுத்திவிடுவார். பட்டியலிலிருந்து முதலில் எடுத்துவிட்டு, நடந்துகொண்டிருக்கும் அனுப்புதல் முடிந்தபின் நினைவகத்தை விடுவிப்பதே பாதுகாப்பு.

கடிகாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிறு மேலாண்மைச் சில்லுகள் சில, மின்கலக் கடிகாரம் இல்லாமல் 1970 சனவரி 1 என்ற நேரத்தில் விழித்து, வலையமைப்பு கிடைத்தபின் சரியான நேரத்துக்குத் தாவும். காலாவதியைச் சுவர்க் கடிகார நேரமாக எழுதி வைத்த வழங்கியில், அந்தத் தாவலின்போது எல்லாக் குத்தகையும் ஒரே நொடியில் முடிந்துவிடும். பின்னோக்கித் திருத்தப்பட்டால் ஒன்றுமே முடியாது. ஆகவே மீதமுள்ள காலத்தை, பின்னோக்கிப் போகாத ஏறுமுகக் கடிகாரத்தில் எண்ண வேண்டும். மறுதொடக்கத்துக்காகக் கோப்பில் எழுதும்போதும் முடியும் நேரத்தை எழுதாமல் மீதிக் காலத்தையே எழுத வேண்டும்.

சோதனைதான் பெரும்பாலும் ஏமாற்றும் இடம். சந்தா கேட்டு, நிகழ்வு பெற்று, நீக்கி, நினைவகம் திரும்பியதா என்று பார்க்கும் சோதனை ஒழுங்கான சந்தாதாரரைத்தான் சோதிக்கிறது. கசிவு அவரால் வருவதில்லை. நிலையத்தின் செயல்முறையை விடைபெற விடாமல் கொல்வது ஒரு சோதனை. அப்போதும் இயங்குதளம் அதன் இணைப்புகளை மூடிவிடும் என்பதால் வழங்கிக்குச் செய்தி போய்விடுகிறது. கம்பியைப் பிடுங்கியோ, தீச்சுவரில் பொட்டலங்களைச் சத்தமின்றி விழச் செய்தோ பார்க்கும்போதுதான் உண்மையான மௌனம் கிடைக்கும். அதன்பின் இரண்டு எண்களை நேரத்துக்கு எதிராக வரைய வேண்டும்: அட்டவணையிலுள்ள சந்தாக்கள், செயல்முறை திறந்து வைத்திருக்கும் கோப்பு விவரிகள். முதல் எண் இறங்கி இரண்டாவது இறங்காவிட்டால், சந்தாவின் பெயர்தான் நீக்கப்பட்டிருக்கிறது.